கேஜில் வைத்த பொட்டு

சுவர்க் கடிகாரத்துக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார்கள். ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம். பரணி படத்தைப் பெரிதாக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வேலை பார்க்கிற கம்பெனி திருப்பதியில், அலிபிரி போகும் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. மேலே விளையாட்டு செய்கிறார்கள் என்று மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். பாதி சரி. கார் ஓட்டுகிற, துப்பாக்கி சுடுகிற வீடியோ கேம்களை எந்த மென்பொருளில் செய்கிறார்களோ அதே மென்பொருளில், பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இயந்திரம் ஓட்டச் சொல்லித்தருகிற பாடங்களை இங்கே செய்தார்கள். ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் கண்ணுக்கு முன்னால் ஒரு தொழிற்சாலை நிற்கும். வால்வைத் திருப்பினால் திரும்பும். தப்பு செய்தால் வெடிக்கும். வெடித்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது, முதலிலிருந்து ஆடலாம். இதுதான் நம்ம பொருளின் மகிமை என்று முதலாளி மோகன்ராஜ் போகிற இடமெல்லாம் சொல்லுவார்.

பரணி செய்தது மாம்பழக்கூழ் கெட்டில். சித்தூரில் ஒரு கூழ்த் தொழிற்சாலை கேட்டுச் செய்தது. கெட்டில் என்றால் வீட்டில் டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற சமாசாரம் இல்லை. உள்ளே இரண்டு ஆள் நிற்கலாம், அவ்வளவு பெரிய எஃகுப் பாத்திரம். அதற்கு இரட்டைச் சுவர். சுவர்களுக்கு நடுவே நீராவியை விட்டால் உள்ளே இருக்கிற கூழ் கொதிக்கும். நீராவி எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று காட்ட வெளியே வட்டமாக ஒரு கேஜ், பூஜ்யத்திலிருந்து ஏழு கிலோ வரை; நீராவி அழுத்தத்துக்கும் கிலோதான் கணக்கு. அந்தக் கண்ணாடியில் நாலு கிலோவுக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி. விளையாட்டின் உயிரே அந்தப் புள்ளியில்தான் இருந்தது. முள்ளைப் புள்ளிக்கு ஒட்டினாற்போல் நிறுத்தினால் கூழ் சீக்கிரம் கொதிக்கும், தங்க நட்சத்திரம் கிடைக்கும். புள்ளியைத் தாண்டி நாலரைக்குப் போனால் சேஃப்டி வால்வு தூக்கிக்கொண்டு நீராவி பீறிடும். அதையும் மீறினால் வெடிதான்.

புள்ளியைக் கண்டுபிடித்ததே பரணிதான். போன அக்டோபரில் கிரண்குமார் என்கிற போட்டோக்காரன் சித்தூருக்குப் போய்ப் படம் எடுத்துவந்தான். கேஜை மட்டும் வெட்டி பரணிக்கு அனுப்பினான். தூசியையும் கறையையும் மென்பொருள் துடைத்துக் கொடுத்தது. நாலு கிலோவில் சிவப்பாக ஒன்று மிஞ்சியது. லிமிட்டைக் குறித்துவைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அதையே கணக்கில் ஏற்றினான். ‘என்னா கவனம் பாருங்கய்யா’ என்று மோகன்ராஜ் எல்லார் முன்னாலும் அவன் தோளில் தட்டினார். சீசன் இல்லாத மாதம், தொழிற்சாலை மூடிக்கிடந்தது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பானா என்பது வேறு விஷயம். பிப்ரவரியில் தொழிற்சாலை மேனேஜர் சரிபார்க்க வந்தார். ஹெட்செட்டை மாட்டிய இரண்டாவது நிமிஷம் தலைசுற்றிப்போய்க் கழற்றிக் கொடுத்தார். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, சூப்பர் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இன்றைக்கு மூன்று மணிக்கு டெமோ. கல்வித்துறை அதிகாரிகள் வருகிறார்கள். பிடித்துவிட்டால் எல்லா பாலிடெக்னிக்கிலும் இதே விளையாட்டுதான். பின்னணி இன்னும் கொஞ்சம் தெளிவாக இருக்கட்டுமே என்று இன்று காலை ஒன்பதரைக்குத்தான் பரணி முதன்முதலாகக் கிரண்குமாரின் வெட்டாத படங்களைத் திறந்தான். ஆயுதபூஜைக்கு மறுநாள் எடுத்த படங்கள். மோட்டாருக்குப் பொட்டு. தராசுக்குப் பொட்டு. சுவிட்சுப் பலகைக்கு, கம்ப்யூட்டர் திரைக்கு, கடிகாரத்துக்கு. மூன்று கெட்டில் வரிசையாக நின்றன. ஒன்றின் கேஜில் பொட்டு நாலில் இருந்தது, அடுத்ததில் ஆறில், மூன்றாவதில் எண்ணே இல்லாத இடத்தில். பூஜை போட்டவர் கை போன இடத்தில் வைத்துக்கொண்டே போயிருக்கிறார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அப்படியானால் நிஜமான லிமிட் எவ்வளவு? பரணி படம் படமாகத் தள்ளினான். ஒரு கெட்டிலின் இடுப்பில், செய்தவர்கள் லிமிட்டைப் பொறித்த தகடு அடித்திருந்தது. சாமந்தி மாலை பாதித் தகட்டை மறைத்திருந்தது. மாலைக்குக் கீழே ஓர் எண் தெரிந்தது. இரண்டு. நாலில்லை, இரண்டு.

அடுத்த நொடி தேவயானியின் நினைப்பு வந்தது. ஏசி ஓடுகிற அறையில் அவனுக்குக் குப்பென்று வியர்த்தது.

தேவயானி அவன் மனைவி. கார்வேட்டிநகரத்து அத்தை மகள்; அதனால் கல்யாணத்துக்கு முன்னாலும் அவன் மாமாதான், பின்னாலும் மாமாதான். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். இந்த விளையாட்டை உலகத்திலேயே முதலில் ஆடியவள் அவள். முதல் நாளே கேட்டாள்: “மாமா, இது இன்னா செகப்பா?” “லிமிட்டு. அதுவரைக்கும் தைரியமா போவலாம்” என்று சொல்லிக்கொடுத்தான். நூறு தடவைக்கு மேல் ஆடினாள், நூறிலும் தங்கம். முதல் இடத்தில் வருகிறவர்களுக்கு மாம்பழ சீசனில் வேலை தருவதாகத் தொழிற்சாலை சொல்லியிருந்தது. சொன்னபடி கொடுத்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் சித்தூருக்குப் போய்வருகிறாள். அந்தத் தொழிற்சாலையில் கெட்டில் பக்கம் நிற்கிற முதல் பெண் அவள்தான். இன்று வெள்ளி.

“நாலு நாளா நின்னு பாத்துக்கினுதான் கீறேன் மாமா. இன்னிக்குத்தான் ஒண்டியா ஓட்டச் சொல்லிக்கீறாங்க. பதினோரு மணிக்குக் கூழு ஏறும்” என்று காலையில் காப்பி கொடுக்கும்போது சொன்னாள். டம்ளரை இடது கையால் நீட்டினாள். “வேலைக்குப் போனதும் மாமனுக்கு எடது கையா?” என்று பரணி கிண்டல் செய்தான். அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். சுடிதாருக்கு மேல் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். தொழிற்சாலையில் அப்படி வரச்சொல்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு அவன் மறுபடி லேப்டாப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

இப்போது மணி பத்தாக ஐந்து நிமிஷம். அவளைக் கூப்பிட்டான். செல் அணைத்துவைக்கப்பட்டிருந்தது; தொழிற்சாலைக்குள் போகும்போதே வாசல் கேட்டில் வாங்கி லாக்கரில் போட்டுவிடுவார்கள். ஆபீஸ் நம்பர் அடித்து அடித்து ஓய்ந்தது. சீசன் நாளில் கூழ்த் தொழிற்சாலையில் போனை யார் எடுப்பார்கள்? கடைசியில் கேட்டில் இருக்கிற காவலாளி எடுத்தார். “ஷிப்ட் அயின தர்வாத்த சேயண்டி சார்” என்று தெலுங்கில், ஷிப்ட் முடிந்தபிறகு கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டார். ஷிப்ட் முடிகிறது சாயங்காலம் ஐந்து மணிக்கு.

பரணி எழுந்து ஓடினான். மோகன்ராஜ் வாசலில் நின்று, வரவேற்புப் பலகைக்குச் சாமந்திச் சரம் கட்டவைத்துக்கொண்டிருந்தார்.

“சார், கெட்டில் லிமிட்டு தப்பு சார். நாலு இல்ல, ரெண்டு. அந்தச் செகப்புப் புள்ளி லிமிட்டே இல்ல. ஆயுதபூஜைக்கு வெச்ச பொட்டு சார் அது.”

மோகன்ராஜுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சுற்றிலும் யாராவது கேட்டார்களா என்று பார்த்தார். “ஒரு நம்பர்தானேய்யா? நாளைக்கு மாத்திட்டாப் போச்சு. இன்னிக்கு எதையும் தொடாதே.”

“என் சம்சாரம் அங்க ஓட்டப்போறா சார். இன்னும் ஒரு மணி நேரத்துல. அவ நாலு வரைக்கும் ஏத்துவா. தொழிற்சாலை ஓனருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க சார்.”

“ஓனரு நம்ம டெமோவுக்குத்தான் வந்துக்கினு இருக்காரு. இந்த நேரத்துல நான் அவருக்குப் போன் போட்டு, நாங்க பண்ணதே தப்புன்னு சொல்றதா? நீ டென்ஷன் ஆவாதே. நான் பாத்துக்கறேன். வெளியில மட்டும் வாயத் தெறக்காதே, சரியா?”

அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்க்கமாட்டார் என்று பரணிக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். ஆனாலும் அவன் வாய் ‘சரி சார்’ என்றது. பழகிப்போன வாய். அதன் பிறகுதான் படியிறங்கி, கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தி, பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். லேப்டாப்பை மூடக்கூட இல்லை.

சித்தூர் எக்ஸ்பிரஸ் பத்தேகாலுக்குக் கிளம்பியது. எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருந்ததே தவிர, கை காட்டியவர்களுக்கெல்லாம் நின்றது. சந்திரகிரி தாண்டுவதற்குள் பரணி மூன்று தடவை எழுந்து டிரைவர் பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். தொழிற்சாலை நம்பரை விடாமல் அடித்தான். பயமென்றால் இப்படி ஒரு பயத்தை அவன் பட்டதே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கெட்டில் எப்படி வெடிக்கும் என்று அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும். அதற்கென்றே பத்து நாள் மெனக்கெட்டவன் அவன். முதலில் அடிப்பக்கத்து வெல்டிங்கில் ஒரு முடி அளவு பிளவு. பிறகு வெள்ளையாக ஒரு கீற்று. பிறகு தகடு வாழைப்பட்டை மாதிரி உரிந்து வெளியே மடங்கும். சத்தம் போதவில்லை என்று நாலு சத்தங்களைச் சேர்த்து ஒன்றாக்கினான். பக்கத்தில் நிற்கிற ஆள் என்ன ஆவான் என்பதை மட்டும் அவன் செய்யவில்லை. அந்த இடத்தில் திரை வெள்ளையாகி, ‘மறுபடி முயற்சி செய்க’ என்று வரும். கண்ணை மூடினால் அந்த வெள்ளை வந்து நின்றது. கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு வந்தான்.

பாகாலாவில் மணி பதினொன்றே கால். கூழ் ஏறியிருக்கும். வால்வைத் திறந்திருப்பாள். அவள் வால்வைத் திறக்கிற விதம் அவனுக்குத் தெரியும். பயந்தவர்கள்போல் கொஞ்சம் கொஞ்சமாக இல்லை; ஒரே இழுப்பில் மூன்றரை வரை கொண்டுபோய், அதற்கப்புறம் விரல் நுனியால் நகர்த்தி, புள்ளிக்குக் கீழே முள்ளைக் கொண்டுபோய் நிறுத்துவாள். பார்க்கிற மோகன்ராஜ் கை தட்டுவார். விளையாட்டில் தடுமாறுகிற மக்குப் பையனாக இருந்திருந்தால்கூட இன்று பயமில்லை. இரண்டுக்கே தயங்கி நின்றிருப்பான். கெட்டிக்காரியைத்தான் இந்த விளையாட்டு கொல்லும் என்று தோன்றியதும் பரணி முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

காணிப்பாக்கம் பிரிகிற இடத்தில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு நிதானமாக இறங்கியது. காணிப்பாக்கத்துக் கோயில் பிள்ளையார் முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய இந்தப் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. வாசலில் நின்று ‘சரி சார்’ என்று சொன்னது பரணிக்குச் சுருக்கென்று குத்தியது. பஸ் கிளம்பிவிட்டது.

சித்தூர் எல்லையில் பஸ் சுத்தமாக நின்றுபோனது. எட்டிப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் டிராக்டர். ஒவ்வொன்றிலும் மலைபோலத் தோதாபுரி மாங்காய், தொழிற்சாலைகளுக்குள் நுழைய முறை வரும்வரை சாலையிலேயே காத்துக்கிடந்தன. நேற்று வந்தவர்கள் டிராக்டருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். பரணி இறங்கி ஓட ஆரம்பித்தான். கணினிமுன் உட்கார்ந்தே இருந்த உடம்பு. அரைக் கிலோமீட்டரில் விலா பிடித்துக்கொண்டது. நசுங்கிய மாங்காயில் கால் வழுக்கியது. எங்கேயோ புஸ்ஸென்று பெரிதாக ஒரு சத்தம் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டான். லாரி பிரேக். மறுபடி ஓடினான்.

தொழிற்சாலை இடியாமல் இருந்தது. புகைபோக்கியில் புகை போனது. கேட்டில் அதே காவலாளி அதே பதிலோடு நின்றார். பரணி கத்திய கத்தலில், வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மீசைக்காரர் கிளாஸோடு எழுந்து வந்தார். காக்கிச் சட்டைப் பையில் வேதாச்சலம், ஃபோர்மேன் என்று தைத்திருந்தது.

“யாருப்பா நீ?”

“தேவயானி வூட்டுக்காரருங்க. அவளைக் கெட்டில்கிட்ட இருந்து உடனே—”

“ஓ.” வேதாச்சலம் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். “அந்த கேம் பண்ண ஆளு நீதானா?”

ஆமாம் என்று தலையாட்டினான். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு, “வா” என்று முன்னால் நடந்தார்.

உள்ளே வெக்கை முகத்தில் அடித்தது. பழுத்த மாம்பழ வாசனை தொண்டையை அடைத்தது. மூன்று கெட்டில்களும் படத்தில் பார்த்த அதே வரிசையில் நின்றன. நடுக் கெட்டிலுக்கு முன்னால், தலையில் வெள்ளைத் தொப்பியோடு தேவயானி முழுசாக நின்றிருந்தாள். கேஜைப் பார்த்தான். கண்ணாடியில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அது இரண்டில் ஒட்டியிருந்தது. முள் அதற்கு ஒரு இழை கீழே லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பரணி அங்கே இருந்த காலி டின்மேல் உட்கார்ந்துவிட்டான். அழுதான் என்றே சொல்லவேண்டும்.

ஊரில் அப்பாவுக்கு ஏதோ என்று தேவயானி பதறிப்போய் வந்தாள். “மாமா! இன்னா ஆச்சு? நைனாவுக்கு எதனா...?”

“உன் நைனாவுக்கு ஒண்ணும் இல்ல. யாருக்கும் ஒண்ணும் இல்ல.” மூச்சு வாங்கியது. “அந்தப் பொட்டு...”

“என்னுதுதான். உன் கேம்ல புள்ளியப் பாத்துப் பாத்தே பழகிடுச்சு. இங்க வந்தா கேஜில புள்ளியே இல்ல. அதான் ஒண்ணு ஒட்டிக்கினேன்.”

“ரெண்டுல ஒட்டிக்கீற.”

“தகட்டுல ரெண்டுன்னுதான மாமா கீது.”

“தகட்ட எப்போ பாத்த?”

அவள் திரும்பி, வால்வைக் கொஞ்சம் மூடினாள். இடது கையால் மூடினாள். வலது கை முழுக்கைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டியே இருந்தது. பரணி அதைப் பார்த்தான். காலையில் காப்பி டம்ளர் நீண்டது நினைவுக்கு வந்தது. நேற்று தட்டில் அவளுக்கு ஸ்பூன் இருந்தது. முந்தாநாள் தலை பின்னிக்கொள்ளாமல் அப்படியே முடிந்துகொண்டு போனாள்.

“கையக் காட்டு.”

“ஒண்ணும் இல்ல மாமா.”

“காட்டும்மா. திங்கக்கெழம பட்ட காயம், எத்தன நாளைக்கு மறைப்ப?” என்றார் வேதாச்சலம்.

அவளாகச் சட்டைக்கையை மெல்லச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. கட்டின் ஓரத்தில் தோல் வெந்து சுருங்கி, மருந்தின் மஞ்சள் படிந்திருந்தது. அவன் திருப்பதியிலிருந்து எதைத் தடுக்க ஓடிவந்தானோ அது திங்கட்கிழமையே நடந்து முடிந்திருந்தது. நாலு ராத்திரி இந்தக் கை அவனுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்திருக்கிறது.

“நின்னு பாத்துக்கினு கீறேன்னு சொன்னியே.”

“நீ டெமோ, டெமோன்னு பறந்துக்கினு இருந்த. சொன்னா சோறு துன்ன மாட்ட. வெள்ளிக்கெழம முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஃபோர்மேன் சார்கிட்டயும் நான்தான் வெளிய சொல்லவேணாம்னு கேட்டுக்கினேன்.”

வேதாச்சலம் கேஜையே பார்த்துக்கொண்டு நின்றார். செய்தவன் புத்தி செய்த பொருளைச் சுற்றித்தானே போகும். கேட்கக் கூடாததைப் பரணி கேட்டான்.

“சேஃப்டி வால்வு எவ்ளோல தூக்குச்சு?”

“ரெண்டரையில.”

“தூக்கறதுக்கு முன்னாடி புஸ்ஸுன்னு சத்தம் வந்திருக்குமே தேவி. அந்தச் சத்தத்த நான் கேம்ல வெச்சிருக்கேனே. கேட்டா வெலகிடணும்னு உனக்குத் தெரியுமே.”

“கேட்டுச்சு மாமா. முள்ளப் பாத்தேன், ரெண்டரையில கீது. உன் கேம்ல வால்வு நாலரையிலதான தூக்கும்? அப்போ இது வால்வு இல்ல, எங்கியோ லீக்குன்னு நெனச்சேன். எங்கன்னு பாக்கறதுக்குக் கைய வெச்சேன்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல்தான் சொன்னாள். பரணிக்கு அதுதான் தாங்கவில்லை.

பையில் செல் அதிர்ந்தது. மோகன்ராஜ். குரலில் உற்சாகம் தாங்கவில்லை. “எங்கய்யா தொலைஞ்சே? அதிகாரிங்க முன்னாடியே வந்துட்டாங்க. ஓனரும் கூடவே இருக்காரு. பெரிய மேடம் ஹெட்செட்ட மாட்டிக்கினு நிக்கறாங்க, குழந்த மாதிரி குஷி. தங்கம் வாங்கணும்னா முள்ள எங்க நிறுத்தணும்னு கேக்கறாங்க. நாலுதானே? புள்ளிக்குக் கீழதானே?”

பரணி தேவயானியின் கட்டைப் பார்த்தான். இந்த முறை வாய் தானாக ‘சரி சார்’ என்று சொல்லவில்லை.

“ஸ்பீக்கர்ல போடுங்க சார்” என்றான். “எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவங்க இங்க இருக்காங்க. எல்லாரும் கேக்கறமாதிரி வைங்க.”

அந்தப் பக்கம் என்ன ஏது என்று கேட்பதற்குள் செல்லை அவளிடம் நீட்டினான். “எத்தன கிலோல தூக்குச்சுன்னு சொல்லு. புஸ்ஸுன்னு சத்தம் கேட்டப்போ நீ இன்னா நெனச்சன்னும் சொல்லு. ஒண்ணையும் மறைக்காம சொல்லு.”

“மாமா, உன் வேலை...”

“சொல்லு தேவி.”

தேவயானி ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டிச் செல்லை வாங்கிக்கொண்டாள்.